ஆளில்லாத இடமும் அமானிதமே



பெருநாள் விடுமுறையில் மத்ரஸா மாணவர்களுடன் ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூர் பக்கம் ஓர் ஓடைக்குப் போயிருந்தோம். ஆள் நடமாட்டமே இல்லை. கூழாங்கற்கள் மீது ஓடிய நீரில் உளூச் செய்து, கரையிலேயே ளுஹர் தொழுதோம். சாப்பிட்டுக் கிளம்பும்போது பிளாஸ்டிக் தட்டுகள் அங்கேயே கிடந்தன. "இங்கே யாருமே இல்லையே, ஹஜ்ரத்" என்றான் ஒரு மாணவன். நேரமாகிவிட்டதென்று நானும் பேசாமல் வண்டியில் ஏறினேன். அந்த மௌனம் இன்றும் உறுத்துகிறது.

யாருமே இல்லையா? பழங்குடி மலையாளி மக்கள் தலைமுறைகளாக வாழும் மலை அது. செய்யாறு அங்கே பிறந்து, பல ஊர்களைக் கடந்து பாலாற்றில் கலக்கிறது.

நீர்த்துறையிலும் பாதையிலும் நிழலிலும் மலம் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் (அபூதாவூத்). நாளை அங்கே வருபவர் யாரென்று நமக்குத் தெரியாது; ஆனாலும் அவருடைய ஹக் நம்மீது உண்டு. தடையின் காரணம் பிறருக்கு நேரும் துன்பம் என்றால், நம் குப்பையிலும் அதுவே இருக்கிறது.

அண்டை வீட்டார் பார்க்கும்போது மட்டும் சுத்தம் பேணினால், நாம் அஞ்சுவது யாருக்கு?

அடியார்களின் ஹக்கில் தவ்பா மட்டும் போதாது. கெடுத்ததைச் சரிசெய்யவும் வேண்டும். வரும் ஞாயிறு அதே மாணவர்களுடன் சாக்குப் பைகள் எடுத்துக்கொண்டு போகிறேன். விரும்புவோர் வாருங்கள்.

தனிமையிலும் தன்னை அஞ்சும் உள்ளத்தை அல்லாஹ் நமக்குத் தருவானாக! ஆமீன்.