வாய் புழுத்தவர் பாவியோ?



தெருக்குழாயடியில் சண்டை மூண்டால் நம்மவர் வாயில் வருகிற சாபங்களில் ஒன்று, "உன் வாய் புழுத்துப் போக" என்பது. சொல்லுகிறவர்கள் யோசித்துச் சொல்லுகிறதில்லை. அன்று சாயங்காலமே அந்த இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லுவதையும் பார்க்கிறோம். ஆனால் அந்தச் சாபத்தில் அடங்கிய காரியம் வெறும் வார்த்தையல்ல. மெய்யாகவே மனுஷனுடைய வாயில் புழு வைக்கிறதுண்டு. அப்படி ஒரு வீட்டில் நேரிட்டுவிட்டால், யாரோ இட்ட சாபம் பலித்தது என்று அக்கம்பக்கத்தார் பேசுகிறார்கள். வீட்டாரும் பாதி நம்பி, வெட்கத்தினால் வியாதிக்காரரை உள்ளறையில் மறைத்து வைக்கிறார்கள்.

லூர்துமாதா திருநாளாகிய பிப்ரவரி 11-ம் தேதியைத் திருச்சபை 1993 முதல் உலக வியாதியஸ்தர் தினமாக அனுசரித்து வருகிறது. அந்த நாளை முன்னிட்டு இந்த விஷயத்தை எழுதத் துணிந்தேன். சாப்பாட்டுக்கு முன் இதைக் கையில் எடுத்தவர்கள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வாசியாமல் மாத்திரம் விட்டுவிட வேண்டாம்.

முன்னே நான் உதவிக் குருவாயிருந்த ஒரு பங்கில், பக்கவாதத்தால் படுத்துவிட்ட ஒரு பாட்டிக்குச் சனிக்கிழமைதோறும் நன்மை கொண்டுபோவது வழக்கம். ஒரு சனிக்கிழமை, "பாட்டி தூங்குகிறாள், அடுத்த வாரம் வாருங்கள் சாமி" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை அந்த வீட்டுச் சிறுமி கோயிலுக்கு வந்து, "சாமி, பாட்டி வாயிலே புழு. சாமி பார்த்தால் அருவருப்பாயிருக்கும் என்று அம்மா பயப்படுகிறாள்" என்றாள். போய்ப் பார்த்தேன். நாற்றம் தெரியாதிருக்கச் சாம்பிராணி போட்டிருந்தார்கள். மேலுதடு வீங்கியிருந்தது. மருமகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பல் வைத்தியர்கள் மூன்று நாளில் இருபதுக்கு மேற்பட்ட புழுக்களை எடுத்தார்கள். பாட்டி பிழைத்தாள், கஞ்சி குடித்தாள், நன்மையும் வாங்கினாள். ஆனால் தெருவில் என்ன பேச்சு? "மாமியாராயிருந்து பேசின பேச்சு அப்படி, அந்த வாய்தானே!" என்றார்கள். புழுவை எடுக்க மூன்று நாள் போதுமாயிருந்தது; இந்தப் பேச்சை எடுக்க மூன்று வருஷம் போதவில்லை.

இந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது? வேதாகமத்திலிருந்தே வருகிறது என்று சிலர் சொல்லுவார்கள். மக்கபேயர் இரண்டாம் ஆகமத்தில், அகங்காரியான அந்தியோக்குஸ் ராஜா உயிரோடு புழுத்துச் செத்தான் என்று வாசிக்கிறோம். அப்போஸ்தலர் நடபடியில் ஏரோதுக்கும் அதே முடிவு. மெய்தான். ஆனால் அந்த இருவரோடு வாசிப்பை நிறுத்தினவர்கள் யோபுவை மறந்துபோனார்கள். அவருடைய உடம்பும் புழுவால் மூடப்பட்டது. அவரோ நீதிமான் என்று சர்வேசுரனே சாட்சி சொன்னவர். அவரைப் பார்க்க வந்த சிநேகிதர், நீ இரகசியமாய் ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று நாள்கணக்காய் வாதாடினார்கள். கடைசியில் சர்வேசுரன் கோபித்துக்கொண்டது யார்மேல்? புழுத்த யோபுவின்மேல் அல்ல, நியாயம் பேச வந்த அந்தச் சிநேகிதர்மேல். பிறவிக்குருடனைக் காட்டி, இவன் பாவமோ, பெற்றோர் பாவமோ என்று சீஷர்கள் கேட்டபோது சேசுநாதர் சுவாமி இரண்டுமில்லை என்றார். அதோடு விடவில்லை, மண்ணைக் குழைத்துத் தம்முடைய விரலாலேயே அவன் கண்ணில் பூசினார்.

நீங்கள் மாடு வைத்திருக்கிறவர்கள். கொம்படியிலோ குளம்பிலோ புண்பட்டு மாட்டுக்குப் புழு வைத்தால், இந்த மாடு என்ன பாவம் செய்தது என்று யாராவது கேட்கிறீர்களா? ஈ உட்கார்ந்துவிட்டது என்று சொல்லி மருந்து போடுகிறீர்கள். மனுஷனுக்கு நேரிடுகிறதும் அதுவேதான். பெரும்பாலும் ஈயும் அதுவேதான். வீட்டு ஈயும் இதைச் செய்வதுண்டு. ஆனால் நம் நாட்டில் பெருஞ்சேதம் செய்கிறது, நீலமும் பச்சையுமாய் மின்னுகிற ஒரு ஈ. சாஸ்திரிகள் அதற்குக் கிரைசோமியா பெஸ்ஸியானா என்று பெயரிட்டிருக்கிறார்கள். செத்த மாமிசம் அதற்கு வேண்டாம். உயிருள்ள உடம்பின் புண்ணையே தேடி, அதன் ஓரத்தில் ஒரு தடவைக்கு 150 முதல் 200 வரை முட்டை இடுகிறது. ஒரு நாளில் முட்டை பொரிந்து, புழு தலைகீழாய்ச் சதைக்குள் துளைத்து இறங்கும். சுமார் ஒரு வாரம் தின்று கொழுத்தபின் மண்ணில் விழுந்து கூடு கட்டும். அதன் உடம்பில் திருகாணி மரைபோல் முள்வரிசை இருப்பதால் இழுத்தால் எளிதில் வராது. மூச்சுவிடும் துவாரம் வாலில் இருக்கிறபடியால் வால்நுனி மாத்திரம் வெளியே தெரியும்.

அமெரிக்கக் கண்டத்தில் இதற்குச் சகோதர ஜாதியான ஈ ஒன்று உண்டு. அதற்கு 1858-ல் கோக்ரேல் என்ற பிரெஞ்சு வைத்தியர் மனுஷரை விழுங்குகிறது என்று பொருள்படும்படி பெயர் வைத்தார். எங்கே கண்டு வைத்தார்? கேயென் தீவாந்திரச் சிறையில், கைதியின் மூக்கில். எந்த நாட்டிலும் இந்தப் புழு முதலில் தேடிப்போகிறது பாவியை அல்ல, கேட்பாரற்றவனை என்பதற்கு இந்த ஒன்று போதும்.

நம்மில் யாருக்கு இது வரும்? வாயைத் திறந்தபடி மூச்சுவிட்டுப் படுத்திருக்கிறவர்களுக்கு, பக்கவாதத்தில் கை அசையாமல் ஈயை ஓட்டமாட்டாதவர்களுக்கு, உதடு மூடாத மூளைக்கோளாறுள்ள பிள்ளைகளுக்கு, புத்தி பேதலித்தவர்களுக்கு, ஈறு சீழ்பிடித்த முதியவர்களுக்கு, பல் பிடுங்கின புண் ஆறாதவர்களுக்கு, புகையிலையினால் வாயில் புற்று வந்தவர்களுக்கு. ஈக்கு நீதிமானும் தெரியாது, பாவியும் தெரியாது. திறந்த வாயும், புண்ணும், நாற்றமும், ஓட்ட ஆளில்லாத பகல்வேளையும் அதற்குப் போதும்.

ஆகையால் செய்யவேண்டியதைக் கேளுங்கள். படுக்கையிலிருப்பவருக்குக் காலையும் இரவும் வாய் சுத்தம் செய்யவேண்டும். தலையைச் சற்று உயர்த்தி ஒருபக்கமாய்த் திருப்பி, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் பல், ஈறு, அண்ணம், நாக்கு எல்லாம் துடையுங்கள். தண்ணீரை வாயில் ஊற்றாதேயுங்கள், மூச்சுக்குழலில் போய்விடும். பொய்ப்பல் இருந்தால் இராத்திரி கழற்றிவையுங்கள். கஞ்சி கொடுத்தபின் கடைவாயில் ஒட்டினதைத் துடையுங்கள். கொசுவலை இராத்திரிக்கு மாத்திரமல்ல. ஈ பகலில்தான் வரும், பகலிலும் கட்டுங்கள். வாரத்தில் இரண்டு தடவையாவது டார்ச் விளக்கு பிடித்து மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். மேல்வாய் முன்பல் ஈறும் அண்ணமுமே அது அதிகமாய்ப் பிடிக்கிற இடங்கள்.

புதிதாய் நாற்றம், உதட்டு வீக்கம், ஈற்றில் துவாரம், இரத்தக் கசிவு, சாப்பாட்டை மறுத்தல், இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மண்ணெண்ணெய், பினாயில், சுண்ணாம்பு, புகையிலைச்சாறு ஒன்றும் வேண்டாம்; வாய் வெந்துபோகும், நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே மோசம். வைத்தியர் டர்பன்டைன் நனைத்த பஞ்சை அளவாய் வைப்பார். வாலிலுள்ள மூச்சுத்துவாரம் அடைபட்டுப் புழு தானாய்ப் பின்வாங்கும், அப்போது இடுக்கியால் எடுப்பார். ஐவர்மெக்டின் என்ற மாத்திரையும் கொடுக்கிறதுண்டு. அதை நீங்களாய் வாங்கிப் போடாதேயுங்கள். தாமதித்தால் புழு அண்ணத்தைத் துளைத்து மூக்குவரை ஏறும். உரிய காலத்தில் போனால் பெரும்பாலும் புண் ஆறிவிடும். புழு வைத்தவரைத் தொட்டால் தொட்டவருக்கு ஒட்டுமோ என்கிறீர்கள். ஒட்டாது.

இப்போது வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. பிதாமாதாவைப் பற்றிய நாலாங் கற்பனை எல்லோருக்கும் மனப்பாடம். கல்லறைக்குப் பளிங்குக் கல் போட்டு, வண்டி நிறையப் பூவோடு அடக்கச் சடங்கு நடத்தினால் அது நிறைவேறிவிட்டதென்று சிலர் எண்ணம். படுத்திருந்த இரண்டு வருஷமும் அந்தத் தாயின் வாயைத் திறந்து பார்த்தது யார்? மருமகள் ஒருத்தியே. சமையலும் பிள்ளைகளும் மாடும் பார்த்து, பீவாரிப் போட்டு, அதற்கும்மேல் வாயும் துடைக்கவேண்டும். ஒரு நாள் தவறினால் பழி அவள் தலையில். தாய்க்கு வாய் துடைப்பது மகனுக்கு இழிவா? அந்த வாய்தானே உங்களுக்கு அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொடுத்தது! இரவு வேளையை மகன் எடுத்துக்கொள்ளட்டும். கல்லூரிக்குப் போகிற பேரனும் எடுத்துக்கொள்ளலாம்.

கல்கத்தா அர்ச். தெரேசம்மாள் 1979-ல் நோபல் பரிசு வாங்கப் போன சபையில், சாக்கடையிலிருந்து தூக்கிவந்த, பாதி உடம்பு புழு தின்ற ஒரு மனுஷனைப் பற்றிப் பேசினார்கள். மிருகத்தைப்போல் வாழ்ந்தேன், சம்மனசைப்போல் சாகப்போகிறேன் என்ற கருத்தில் அவன் சொன்னானாம். யாரையும் அவன் சபிக்கவில்லையாம். அவன் யார், என்ன பாவம் செய்தான் என்று அவர்கள் விசாரித்ததாக அதில் ஒரு வார்த்தையும் இல்லை. கழுவினார்கள், படுக்கவைத்தார்கள். ராஜாக்களும் பண்டிதர்களும் கூடியிருந்த இடத்தில் இதைச் சொல்ல அவர்கள் வெட்கப்படவில்லை. நாம் நம்முடைய பங்குச் சாமியிடம் சொல்ல வெட்கப்படுகிறோம்.

முன்காலத்து அவஸ்தைப்பூசுதலில் வியாதிக்காரருடைய உதடுகளிலும் குருவானவர் எண்ணெய் பூசுவார். 1972-ல் வந்த ஒழுங்கின்படி இப்போது நெற்றியிலும் கைகளிலும் பூசுகிறோம். ஆனாலும் தேவநற்கருணை வாங்குகிறது அந்த வாய்தான். விழுங்கமாட்டாதவருக்குச் சிறு துணிக்கையாய்க் கொடுக்கலாம். வாயில் புண்ணிருக்கிறதே என்று நன்மையைத் தள்ளிப்போட வேண்டாம்.

நமது பங்கில் படுக்கையிலிருக்கிறவர்களின் பெயர்களை வருகிற ஞாயிறு பூசைக்குள் உபதேசியாரிடம் கொடுங்கள். சென்ற வருஷம் கொடுத்தவர்களும் மறுபடி கொடுங்கள். பகலில் ஆளில்லாத வீடுகளுக்கு மரியாயின் சேனைப் பெண்கள் முறைவைத்துப் போக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். வாலிபர் சங்கத்திலும் நாலு பேர் வேண்டும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக. பிப்ரவரி 11 காலைப் பூசை முடிந்தவுடன் வடக்குத் தெருவிலிருந்து தொடங்கி வீடுவீடாய் நன்மை கொண்டுவருவேன். பையில் ஒரு டார்ச் விளக்கும் இருக்கும். "பாட்டி தூங்குகிறாள்" என்றால் எழும்புகிறவரையில் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன்.