மண் சுமந்த பெருமானும் வந்தியின் பங்கும்

மதுரையம்பதியில் சோமசுந்தரப் பெருமான் நிகழ்த்தியருளிய 64 திருவிளையாடல்களுள் 61ஆவது, மண் சுமந்த திருவிளையாடலாகும். பரஞ்சோதி முனிவர் இதனைத் திருவிளையாடற் புராணத்தில் பாடியுள்ளார். ஈழத்துச் சைவ ஆலயங்களில் மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் படித்துப் பயன் சொல்லப்படும் திருவாதவூரடிகள் புராணத்திலும் இவ்வரலாறு உண்டு. கேட்டுப் பழகிய கதைதான். ஆயினும் கமத்தை நம்பி வாழும் ஊர்களுக்கு இதில் தனியானதொரு செய்தி இருக்கிறது.

வைகை பெருகிக் கரையை உடைத்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்பது பாண்டிய மன்னனின் ஆணை. பிட்டு அவித்து விற்றுப் பிழைத்த வந்தி என்னும் முதியவளுக்கும் ஒரு பங்கு அளந்து விடப்பட்டது. அவளுக்குக் கணவனுமில்லை, பிள்ளையுமில்லை. கூலிக்கும் ஆள் கிடைக்கவில்லை. அவள் கலங்கி நின்றபோது, தலையில் சும்மாடும் கையில் கூடையுமாகப் பெருமானே கூலியாளாக வந்தார். உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டார்.

இதில் சிந்திக்க வேண்டியவை மூன்று. முதலாவது, அரசனின் அளவுகோல். நான்கு ஆண்மக்கள் உள்ள வீட்டுக்கும் தனித்த கிழவிக்கும் அது ஒன்றாகவே இருந்தது. சமமாகப் பங்கிட்டாயிற்று என்று அதிகாரிகள் எண்ணினர். ஆனால் ஆளில்லாத வீட்டின் மேல் அது பாரமாக விழுந்தது. இரண்டாவது, பெருமான் செய்த உதவியின் வகை. அவர் வந்திக்குப் பொற்காசு கொடுக்கவில்லை. அவளுடைய பங்கைத் தம் தலையில் ஏற்றார். அவளிடம் கூலியும் வாங்கினார். ஆகவே அவள் இரந்து பெற்றவள் ஆகவில்லை, வேலை கொண்டவளாகவே நின்றாள். மூன்றாவது, பிரம்படி. கூலியாளின் முதுகில் விழுந்த அடி, அடித்த மன்னன் உட்பட எல்லா உயிர்களின் மேலும் பட்டது. தனித்தவள் ஒருத்தியின் துன்பத்தை ஊர் தன்னுடையதல்ல என்று ஒதுக்க முடியாது என்பதே அதன் பொருள்.

இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குளங்களின் கீழ் வயல் செய்யும் வன்னி மண்ணில், 2009இல் போர் முடிந்த பின்னர் எத்தனையோ வந்திகள் மீண்டும் தம் காணிகளுக்குத் திரும்பினார்கள். சிலரின் கணவர் இறந்துபோயினர். சிலரின் கணவர் என்ன ஆனாரென்றே தெரியாது. வாய்க்கால் துப்புரவுக்கு அவர்களுக்கும் பங்கு உண்டு. விதைநெல்லும் உரமும் எல்லோருக்கும் உள்ள விலைதான். உழவு இயந்திரம் வைத்திருப்பவர் தமக்குத் தெரிந்த ஆண்களின் வயலை முதலில் உழுதுவிட்டு வரும்போது விதைப்புக் காலம் பிந்திவிடுகிறது. பிந்தி விதைத்தவளுக்குக் கடைசித் தண்ணீர் எட்டாமலும் போகலாம்.

கணவனின் பெயரிலேயே காணிப் பதிவு கிடந்தால் உர மானியத்துக்கும் கடனுக்கும் அவள் அலைய நேரிடுகிறது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசுரிமையில் ஆண்பிள்ளைக்கு முதலிடம் கொடுத்திருந்தது. 2022இல் வந்த திருத்தம் அவ்வேறுபாட்டை நீக்கியது. ஆனால் சட்டம் மாறியதால் மட்டும் பத்திரத்தில் பெயர் மாறிவிடாது. பிரதேச செயலகத்துக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் அவளோடு கூடப்போக, எழுத்து வேலை தெரிந்த ஒருவர் வேண்டும்.

அப்படி எவரும் இல்லாதபோதுதான் நுண்கடன்காரர் வாசலுக்கு வந்தனர். கிழமைக்குக் கிழமை தவணை. போகம் முடிந்தால்தான் வருமானம். இவ்விரண்டும் பொருந்தாமல் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்தவர்கள் பலர். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுடைய நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசு பொறுப்பேற்க வேண்டிய அளவுக்கு அது முற்றியது. தாயின் கடன் பிள்ளைகளின் படிப்பில் வந்து முடிகிறது. புல்லுப் பிடுங்கத் தாய் போனால் மூத்த மகள் வீட்டில் நின்று தம்பி தங்கையரைப் பார்க்கிறாள். மகன் கூலிக்குப் போகிறான்.

ஆலயம் இதில் செய்யக்கூடியது உண்டு. தெல்லிப்பளை ஸ்ரீ துர்க்காதேவி தேவஸ்தானத்தை வழிநடத்திய சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் (1925–2008), ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்காகத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை நடத்திக் காட்டினார். சிறிய ஊர்க் கோயிலுக்கு அத்தனை பெரிய பணி இயலாதிருக்கலாம். ஆனால் திருவிழாவுக்கு உபயகாரரைப் பங்கிடும் சபைக்கு, தனித்து வாழும் தாய்மாரின் வாய்க்கால் பங்கை இளைஞரிடையே பங்கிடத் தெரியாதா? அவர்களின் வயலை முதல் உழவுக்கு ஒழுங்கு செய்யவும், விதைநெல்லைக் கடனாகக் கொடுத்து அறுவடையில் நெல்லாகவே திரும்பப் பெறவும், மடத்தில் மாலை வகுப்பு நடத்தவும் முடியாதா? விளைந்த நெல் அவள் கையிலேயே இருக்கட்டும். அவள் விரும்பிப் பொங்கும் பொங்கலை ஆலயம் முன்வரிசையில் ஏற்கட்டும். கைம்பெண் என்று பின்னுக்கு நிறுத்துவது, வந்தியின் பிட்டை உவந்து உண்ட பெருமானின் சந்நிதிக்குப் பொருந்தாது.

கூடை சுமந்த பெருமானைக் கும்பிடுகிற கைகள், அந்தக் கூடையின் ஒரு பக்கத்தையாவது பிடிக்கப் பழகட்டும். ஊரிலே தனித்து நிற்கும் தாய்மாரும் பிள்ளைகளும் நலம்பெற்று வாழ எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பாராக.