அயலார் வயலில் கதிர் பொறுக்கும் உரிமை

பிழைப்புத் தேடி எல்லை கடந்து அண்டை நாட்டுக்குள் வரும் ஒருவருக்கு வேலையும் கூலியும் கிடைக்கச் செய்வது அந்நாட்டாரின் கடமையா, அல்லது அது முழுக்க அவர்களுடைய தயவைப் பொறுத்ததா என்னும் கேள்வி, கடவுச்சீட்டும் நுழைவு அனுமதியும் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே சமய நூல்களில் எழுப்பப்பட்டுவிட்டது. விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் நான்கே அதிகாரங்கள் கொண்ட ரூத்தின் நூல் இக்கேள்வியை மிக அருகில் நின்று பார்க்கிறது. தேவாலயப் பிரசங்கங்களில் மாமியாரைக் கைவிடாத மருமகளின் கதையாகவே பெரும்பாலும் எடுத்துரைக்கப்படும் அந்நூலை, ஓர் அந்நியப் பெண் வேற்று நாட்டில் வேலை தேடிய வரலாறாகவும் படிக்க இடமுண்டு; அப்படிப் படிக்கும்போது உரிமைக்கும் தயவுக்கும் இடையிலுள்ள தொலைவு அதில் தெளிவாகத் தெரியவருகிறது.

நியாயாதிபதிகள் காலத்தில் பெத்லகேமில் பஞ்சம் உண்டாகவே, எலிமெலேக் என்பவர் மனைவி நகோமியையும் இரு மகன்களையும் அழைத்துக்கொண்டு சாக்கடலுக்குக் கிழக்கேயிருந்த மோவாப் நாட்டுக்குப் போனார் என்று நூல் தொடங்குகிறது. ஆக, இக்கதையில் முதலில் அண்டை நாட்டுக்குப் பிழைக்கப் போனவர்கள் இஸ்ரவேலரே. அவர்கள் ஏறத்தாழ 10 ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார்கள், மகன்கள் இருவரும் மோவாபியப் பெண்களை மணந்தார்கள், அந்நாட்டார் அவர்களை விரட்டியதாகவோ வருத்தியதாகவோ நூலில் ஒரு சொல்லும் இல்லை. கணவரும் மகன்களும் இறந்த பின், பெத்லகேமில் பஞ்சம் நீங்கியதைக் கேள்விப்பட்டு நகோமி ஊர் திரும்பியபோது, மருமகள்களில் ஒருவரான ரூத் பிறந்த நாட்டை விட்டு அவருடன் வந்தார். இருவரும் வந்து சேர்ந்தது வாற்கோதுமை அறுப்பு தொடங்கும் காலம். நகோமிக்கு அது சொந்த ஊர். ரூத்துக்கோ தெய்வமும் வழக்கமும் வேறான நாடு, அங்கே தம் உழைப்பைத் தவிர அவர் கையில் வேறொன்றும் இருக்கவில்லை.

அப்படிப்பட்டவர் வயலுக்குள் இறங்க இஸ்ரவேலரின் சட்டம் வழி வைத்திருந்தது. லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரமும் உபாகமத்தின் 24ஆம் அதிகாரமும் நிலவுடைமையாளருக்கு விதிக்கும் கட்டளைகளின்படி, அவர் வயலின் ஓரத்தை முற்றிலும் அறுத்துவிடக் கூடாது; அறுக்கும்போது உதிரும் கதிரைத் திரும்பப் பொறுக்கக் கூடாது; வயலில் மறந்துவிட்டு வந்த கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. இவை ஏழைக்கும் விதவைக்கும் அநாதைக்கும், அவர்களோடு ஒரே மூச்சில் சொல்லப்படும் பரதேசிக்கும், அதாவது வேற்றிடத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் அந்நியருக்கும் உரியவை. இந்த ஏற்பாட்டைப் பிச்சையோடு சேர்த்து எண்ணுவது பிழை. பிச்சையில் கொடுப்பவர் எப்போது, யாருக்கு, எவ்வளவு என்று தீர்மானிக்கிறார், பெறுபவர் கை நீட்டிக் காத்திருக்கிறார். இங்கே பெறுபவர் வெயிலில் குனிந்து உழைக்கிறார், உடைமையாளர் செய்ய வேண்டியதெல்லாம் தடுக்காமல் இருப்பது மட்டுமே.

கி.பி. 200ஆம் ஆண்டையொட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா, அதாவது யூதச் சட்ட மரபின் முதல் பெருந்தொகுப்பு, இந்த உரிமையை வியப்பூட்டும் நுணுக்கத்தோடு வரையறுக்கிறது. வயலோரக் கதிரைப் பற்றிய பேயா என்னும் அதன் பகுதி, அறுக்காமல் விடும் பங்கு விளைச்சலில் 60இல் ஒன்றுக்குக் குறையக் கூடாது என்கிறது. அறுக்கும்போது கீழே விழுந்தவை இரண்டு கதிர்களாயின் அவை ஏழைக்கு, மூன்றாயின் உடைமையாளருக்கு என்று எண்ணிக்கையையும் வரையறை செய்கிறது. எல்லாவற்றிலும் கூர்மையான விதி ஒன்று அதில் உண்டு: ஏழைகளைப் பொறுக்கவிடாமல் தடுப்பவர் மட்டுமன்றி, ஒருவரை விட்டு மற்றவரைத் தடுப்பவரும், பொறுக்குபவர்களில் ஒருவருக்கு மட்டும் உதவி செய்பவரும் ஏழைகளைக் கொள்ளையிடுபவரே. தம் வயலில் தமக்குப் பிடித்தவருக்கு உதவுவதையும் கொள்ளை என்று சொல்லும் சட்டம், அந்த ஓரக்கதிரில் உடைமையாளருக்குக் கொடையாளி என்ற பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை.

ஆனால் ரூத்தின் நூலில் ரூத் பேசும் மொழி இதுவன்று. எவருடைய கண்களில் தமக்குத் தயவு கிடைக்குமோ அவர் பின்னே கதிர் பொறுக்கப் போவதாக நகோமியிடம் சொல்லிப் புறப்படுகிறார்; வயலை அடைந்ததும் அறுப்பவர்களின் மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்கிறார்; வயலுக்கு உரியவரான போவாஸ் அன்போடு பேசியபோது முகங்குப்புற விழுந்து, அந்நியளாகிய தம்மைப் பொருட்படுத்தியது ஏன் என்று வினவுகிறார். சட்டம் ஏற்கனவே கொடுத்துவிட்ட ஒன்றை அவர் ஏன் இரந்து கேட்க வேண்டும்? அதற்கான விடை போவாஸின் சொற்களிலேயே இருக்கிறது. தம் வேலையாட்கள் அவரைத் தொடக் கூடாது என்று கட்டளையிட்டிருப்பதாகவும், வேறு வயலுக்குப் போகாமல் தம் பணிப்பெண்களோடு இங்கேயே இருக்கும்படியும், தாகம் எடுத்தால் வேலையாட்கள் மொண்டு வைத்த தண்ணீரைக் குடிக்கும்படியும் அவர் சொல்கிறார். வேறொரு வயலில் துன்பம் நேரக்கூடும் என்று நகோமியும் மாலையில் அதையே வழிமொழிகிறார். தீண்டாதே என்று தனியே கட்டளையிட வேண்டியிருந்ததென்றால், அப்படிக் கட்டளையிடாத வயல்களில் தனித்து வந்த அந்நியப் பெண்ணின் நிலை என்னவாக இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சட்டம் எல்லா வயல்களையும் அவருக்குத் திறந்து வைத்திருந்தது. அவர் அச்சமின்றிக் குனிந்து நிமிர முடிந்ததோ ஒரே ஒரு வயலில், அதுவும் அதன் உடைமையாளர் நல்லவராக இருந்ததால்.

போவாஸின் நற்குணத்தை இது குறைத்துக் காட்டவில்லை. அதைச் சரியாக அளக்கவே உதவுகிறது. வெளிநாட்டார் வந்து உள்ளூர் ஏழையின் பங்கைப் பறிக்கிறார்கள் என்று இன்று எங்கும் கேட்கும் முறையீடு வெறும் பகைமையால் மட்டும் எழுவதன்று, அதில் உண்மையும் உண்டு. பெத்லகேமிலும் ஓரக்கதிர் அளவுக்குட்பட்டது, மோவாபியப் பெண் ஒருவர் கூடுதலாகப் பொறுக்கினால் உள்ளூர் விதவை ஒருவருக்கு அந்த அளவுக்குக் குறையும். போவாஸ் செய்தது என்னவென்றால், அறுத்துக் கட்டியாகிவிட்ட கதிரிலிருந்தே, அதாவது சட்டப்படி தமக்கே உரியதிலிருந்து, சிலவற்றை உருவிப் போடும்படி ஆட்களிடம் சொன்னார். பொதுப்பங்கைத் தொடாமல் அவர் காட்டிய தயவின் செலவு முழுவதும் அவரையே சார்ந்தது. அன்று மாலை ரூத் தட்டிப் புடைத்து எடுத்தது ஏறத்தாழ ஓர் எப்பா வாற்கோதுமை. எப்பா என்பது இன்றைய கணக்கில் 20 லிட்டருக்குச் சற்று மேற்பட்ட ஒரு முகத்தலளவு. நண்பகலில் தாம் உண்டு மீந்த வறுத்த தானியத்தையும் அவர் மாமியாருக்கு எடுத்து வைத்திருந்தார். அயல்நாட்டு வேலைக்குப் போய் முதல் கூலியை வீட்டுக்கு அனுப்புபவர் எவருக்கும் அந்த மாலையின் மனநிலை விளங்கும்.

மோவாபியரைப் பற்றிய வேறொரு சட்டத்தை நினைவில் கொண்டால் இந்த நூலின் துணிவு இன்னும் நன்றாகப் புலப்படும். உபாகமத்தின் 23ஆம் அதிகாரம் மோவாபியரைப் பத்தாம் தலைமுறை வரையிலும் இறைவனின் சபைக்குள் சேர்க்கக் கூடாது என்கிறது. எகிப்திலிருந்து புறப்பட்டு வந்த இஸ்ரவேலரை அவர்கள் அப்பமும் தண்ணீரும் கொண்டு எதிர்கொள்ளவில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. வழிவந்த அந்நியருக்கு அப்பமும் தண்ணீரும் கொடாத குற்றத்துக்காக ஒதுக்கப்பட்ட அதே இனத்துப் பெண்ணுக்குத்தான் போவாஸ் தம் வேலையாட்களின் தண்ணீரையும், காடியில் தோய்த்து உண்ண அப்பத்தையும் கொடுக்கிறார். பழைய குற்றத்துக்கு அதே குற்றத்தைத் திருப்பிச் செய்வது மறுமொழியாகாது என்று நூல் எங்கும் எடுத்துச் சொல்லவில்லை, செய்து காட்டுகிறது. பிற்கால ரபிகள், அதாவது யூத மறை ஆசிரியர்கள், அந்தத் தடை மோவாபிய ஆண்களுக்கே உரியது, பெண்களைச் சாராது என்று விளக்கம் கண்டார்கள். வேற்றினத்து ஏழைகள் கதிர் பொறுக்க வந்தால் தடுக்கலாகாது என்றும் மிஷ்னா விதித்தது; ஆயினும் அதற்கு அது காட்டிய காரணம் அமைதியின் வழி, அதாவது இனங்களுக்கிடையே பகை மூளாதிருத்தல். அந்த இடத்தில் உரிமை மறுபடியும் தயவை நோக்கிச் சரிந்துவிடுகிறது.

திருக்குர்ஆனின் 28ஆம் அத்தியாயமான அல்கஸஸ் சொல்லும் மூஸா நபியின் வரலாற்றில் இதே சிக்கல் வேறொரு வகையில் தீர்க்கப்படுகிறது. எகிப்திலிருந்து தப்பி மத்யன் நாட்டை அடைந்த மூஸா, கிணற்றடியில் ஆடவர் கூட்டம் கலையும்வரை ஆடுகளைத் தடுத்து ஒதுங்கி நின்ற பெண்கள் இருவருக்காகத் தாமே நீர் புகட்டிவிட்டு, நிழலில் ஒதுங்கி, இறைவன் அருளும் எந்த நன்மைக்கும் தாம் தேவையுடையவராக இருப்பதாக அவனிடமே முறையிடுகிறார். மனிதர் எவரிடமும் அவர் இரக்கவில்லை. பின்னர், வலிமையும் நம்பகமும் உள்ள இவரைக் கூலிக்கு அமர்த்தலாம் என்று அப்பெண்களில் ஒருவர் தந்தையிடம் எடுத்துரைக்க, அவர் தம் மகளை மணமுடித்துத் தருவதாகவும் அதற்கு ஈடாக எட்டு ஆண்டுகள் வேலை செய்ய வேண்டுமென்றும், பத்தாக நிறைவு செய்வது மூஸாவின் விருப்பம் என்றும், தாம் அவரைச் சிரமப்படுத்த நாடவில்லை என்றும் சொல்கிறார். இரண்டு தவணைகளில் எதை நிறைவேற்றினாலும் தம்மேல் குற்றமில்லை என்று மூஸா பேசி முடிக்க, இறைவன் சாட்சியாகிறான். வந்தவர் ஊரார் அறியாத ஏதிலி, அமர்த்துபவர் உள்ளூர்க் குடும்பத்தின் மூத்தவர். ஆனாலும் காலம், வேலை, ஈடு, விடுதலை நாள் ஆகிய எல்லாம் தொடக்கத்திலேயே பேசப்பட்டு இருவரும் ஒப்பந்தத்தில் சமமாக நிற்கிறார்கள். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்னும் நபிமொழியும், ஏழைக் கூலியாளுக்கு, அவர் அந்நியராயினும், அன்றைய கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கச் சொல்லும் உபாகமக் கட்டளையும் ஒரே அறத்தின் இரு கிளைகளாகும்.

மெய்யியலில் இக்கேள்வியைக் கூர்மைப்படுத்தியவர் இம்மானுவேல் காண்ட். நிலையான அமைதியைப் பற்றி 1795இல் வெளியிட்ட நூலில் அவர், அந்நியரை வரவேற்பது மனித நேயத்தைச் சார்ந்ததன்று, உரிமையைச் சார்ந்தது என்று வாதிட்டார். பூமி உருண்டையானது, மனிதர் எல்லையின்றிச் சிதறிப்போக இடமில்லை, ஆதலால் ஒருவரை ஒருவர் பொறுத்தே ஆக வேண்டும், எந்த இடத்திலும் இருக்க ஒருவருக்கு மற்றவரைவிட மூல உரிமை கிடையாது என்பது அவர் காட்டிய காரணம். ஆனால் அந்த உரிமையை அவர் வருகை உரிமை என்னும் அளவில் நிறுத்திக்கொண்டார்: வருபவரைப் பகைவராக நடத்தக் கூடாது, திருப்பி அனுப்பினால் அவர் அழிந்துபோவார் எனில் அனுப்பவும் கூடாது, ஆயினும் தங்கி வாழும் விருந்தினர் உரிமைக்குத் தனி உடன்படிக்கை வேண்டும். வேலை தேடி வருபவர் இவ்விரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்கிறார். அவர் பார்த்துவிட்டுப் போக வந்தவரல்லர், விருந்துக்கு அழைக்கப்பட்டவருமல்லர். தங்கினால்தான் உழைக்க முடியும், உழைத்தால்தான் தங்க முடியும். அமெரிக்க அரசியல் மெய்யியலாளர் மைக்கேல் வால்சர் 1983இல் வெளிவந்த நீதியின் தளங்கள் பற்றிய நூலில், யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்க ஒரு சமூகத்துக்கு உரிமை உண்டு என்று ஏற்றுக்கொண்டே, உள்ளே விட்டு வேலை வாங்கிய பிறகு அவர்களை என்றென்றும் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தி வைப்பது கொடுங்கோன்மை என்றார். காண்ட் விட்ட இடைவெளியில் பாதியை அவர் நிரப்பியிருக்கிறார் என்று கொள்ளலாம்.

1950 ஜூலை 31 அன்று இந்தியாவும் நேபாளமும் செய்துகொண்ட உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, வசிக்கவும் சொத்து வைத்திருக்கவும் வணிகம் செய்யவும் நடமாடவும் ஒரு நாட்டார்க்கு மற்ற நாட்டில் அந்நாட்டாருக்கு இணையான சலுகைகளை ஒப்புக்கொள்கிறது. நுழைவு அனுமதி இன்றி எல்லை கடந்து வரும் நேபாளிகளில் சிலர் தமிழ்நாட்டுத் தெருக்களில் இரவுக் காவலர்களாக, ஊரார் வாயில் கூர்க்காக்களாக, விசில் ஊதிக்கொண்டும் கம்பை மின்கம்பத்தில் தட்டிக்கொண்டும் நடக்கிறார்கள். மாதம் பிறந்ததும் அவர்கள் வீடு வீடாகச் சென்று வாசலில் நின்று பணம் கேட்பதைக் காணாதவர்கள் இருக்க முடியாது. சில வீடுகள் கொடுக்கின்றன, சில வீடுகள் நாளைக்கு வரச் சொல்கின்றன, சில வீடுகளில் கதவு திறப்பதில்லை. தங்கி வேலை செய்ய இரு அரசுகளின் கையொப்பம் உண்டு. மாதம் முழுதும் விழித்திருந்ததற்கான கூலியோ ஒவ்வொரு வாசலிலும் தயவாகவே கிடைக்கிறது. அதைக் கூலியென்று எண்ணிக் குறித்த நாளில் கொடுக்க எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை, அந்த வீட்டாரால் இன்றே முடியும்.

வீட்டாரால் முடியாதது ஒன்று உண்டு, அது அரசுகளின் கையில் இருக்கிறது. இன்று பல நாடுகள் வழங்கும் வேலை அனுமதி ஒரே முதலாளியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அவரை விட்டு நீங்கினால் தங்கும் உரிமையும் போய்விடும். ரூத்தை ஒரே வயலில் நிறுத்தியது அச்சம். இன்றைய தொழிலாளியை நிறுத்துவது சட்டமே. போவாஸ் போன்ற முதலாளிகள் இருக்கிறார்கள் என்பது இதற்குச் சமாதானமாகாது, ஏனெனில் அப்படிப்பட்டவர் எதிர்ப்படுவாரா என்பது வேலை தேடுபவரின் கையில் இல்லை. 1990 டிசம்பர் 18 அன்று ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்டு 2003 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புலம்பெயர் தொழிலாளர் உரிமை உடன்படிக்கையின் 52ஆம் பிரிவு, முறைப்படி வேலைக்கு வந்தவர் தம் வேலையைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையைப் பேசுகிறது. அதற்கு முன்நிபந்தனையாகச் சட்டப்படி தங்கியிருக்க வேண்டிய காலத்தை அரசுகள் விதிக்கலாம், அது இரண்டு ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது என்று வரம்பும் கட்டுகிறது. ஆட்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் இலங்கை 1996இல் அதில் இணைந்தது. தொழிலாளரைப் பெருமளவில் வரவழைக்கும் வளைகுடா நாடுகளோ மேற்கு ஐரோப்பிய நாடுகளோ இன்றுவரை இணையவில்லை. தன் மக்களைப் பிற நாடுகளுக்கு அனுப்பியும் அண்டை நாட்டாரைத் தன் தெருக்களில் வேலைக்கு வைத்துக்கொண்டும் இருக்கும் இந்தியாவும் இணையவில்லை.