பக்கத்து வீடு 20 கிலோமீட்டர் தள்ளி

பேரிடர் வந்தால் பொருள் கொடுப்பதுதான் இருப்பதிலேயே சுலபமான உதவி. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சைதாப்பேட்டையில் அதைக் கண்ணெதிரே பார்த்தேன். அடையாறு கரைமீறி, மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்து நின்று, கரையோர வீடுகள் கூரைவரை மூழ்கிய நாட்கள் அவை. தண்ணீர் வடிவதற்குள் எங்கெங்கிருந்தோ லாரிகள் வந்தன. பாய், போர்வை, பால் பவுடர், பிரெட் என்று பள்ளிக்கூட வராந்தா நிறைந்துவிட்டது. அந்த மனசை நான் குறைத்துப் பேச மாட்டேன். முகம் தெரியாதவர்களுக்காக ராத்திரி முழுக்கச் சப்பாத்தி சுட்டு அனுப்பியவர்களை நினைத்தால் இன்றைக்கும் கும்பிடத் தோன்றுகிறது.

அந்த லாரிகள் வருவதற்கு முந்தைய ராத்திரியைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. கரையோரத்துப் பையன்கள் லாரி டியூபைக் கட்டிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கிப் பெரியவர்களை இழுத்து வந்தார்கள். மேட்டுத் தெருவில் இருந்த எங்கள் வீடுகளின் மொட்டைமாடிகள் திறந்தன. எந்த வீட்டு அடுப்பு நனையாமல் இருந்ததோ அங்கே எல்லோருக்கும் சேர்த்து உலை வைத்தார்கள். யார் வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறது, யாருக்கு ஒன்பதாம் மாதம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று ஒருவரும் யோசித்து நிற்கவில்லை.

வெள்ளத்துக்குப் பிறகு கரையோரக் குடும்பங்களில் பலவற்றுக்குப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தார்கள். சைதாப்பேட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். குலுக்கலில் எந்த எண் விழுந்ததோ அந்த வீடு. சுவரோடு சுவர் ஒட்டி இருபது, முப்பது வருஷம் வாழ்ந்தவர்கள் ஆளுக்கொரு பிளாக்கில் போய் விழுந்தார்கள். நாங்கள் சில பெண்கள் கரையோரப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்துவந்தோம். பிள்ளைகள் போன இடத்துக்கு நாங்களும் பின்னாலேயே போனோம். நோட்டுப் புத்தகம், அரிசிப் பை, பெரியவர்களுக்குச் சர்க்கரை மாத்திரை என்று வேலை தானாகப் பெருகியது.

அங்கே போகப் போகத்தான் பழைய தெரு சத்தமில்லாமல் எவ்வளவு வேலையைச் சுமந்துகொண்டிருந்தது என்பது புலப்பட்டது. வேலைக்குப் போகும் தாய் கைக்குழந்தையை விட்டுப் போக எதிர்வீடு இருந்தது. தண்ணி லாரி வந்தால், வீட்டில் இல்லாதவர்களின் குடத்தையும் வரிசையில் வைக்க ஆள் இருந்தது. மாசக் கடைசியில் நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் கொடுக்க அண்ணாச்சி கடை இருந்தது. புது இடத்திலும் கடை உண்டு. பழகாத முகத்துக்கு யார் கடன் கொடுப்பார்கள்? சீட்டுப் பிடித்த அக்கா ஒரு பிளாக்கில், கட்டியவர்கள் ஐந்தாறு பிளாக்கில். இரண்டே மாதத்தில் அந்தச் சீட்டு நின்றுபோனது.

சாவு விழுந்த வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கரையோரத்தில் ஓர் உயிர் போனால் அரைமணி நேரத்தில் ஷாமியானாவும் ஐஸ் பெட்டியும் வந்துவிடும். ஒரு பையன் நோட்டோடு வீடுவீடாக வசூலுக்குக் கிளம்பிவிடுவான். எடுத்து முடிக்கும்வரை அந்த வீட்டுக்காரர் சட்டைப்பையில் கைவிட வேண்டியதில்லை. பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடியில் பெரியவர் ஒருவர் விடிகாலையில் இறந்துபோனார். எதிர்வீட்டில் இருப்பவர்கள் பெயர்கூட அவர் மனைவிக்குத் தெரியாது. கதவைத் தட்டக் கூச்சப்பட்டு, விடியும்வரை உடலோடு தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். பொழுது விடிந்ததும் அவர் போன் செய்தது சைதாப்பேட்டைக்கு. நாங்கள் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. எதிர்வீட்டுக்காரர்கள் கல்மனசுக்காரர்கள் இல்லை. அவர்களும் சென்ட்ரல் பக்கத்துச் சத்தியவாணி முத்து நகரிலிருந்து தங்கள் தெருவை விட்டுவிட்டு வந்தவர்கள்தான். விஷயம் தெரிந்ததும் படி வழியாக உடலை இறக்க முதலில் தோள் கொடுத்தவர் அந்த வீட்டு மகன்.

எங்கள் பட்டியலில் ஓர் ஆயா இருக்கிறார். தனியாள், முதியவர், உதவி தேவை என்று எழுதியிருக்கிறோம். சைதாப்பேட்டையில் அவர் இருந்த இருப்பு வேறு. பிள்ளை பெற்ற வீடுகளுக்கு அவர்தான் முதலில் போவார். கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டித் தூங்கவைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். மேட்டுத் தெருவில் என் அக்கா மகளையும் குளிப்பாட்டியது அந்தக் கைதான். காசு கேட்டதே இல்லை, கொடுத்ததை வாங்கிக்கொள்வார். ஒருநாள் அரிசிப் பையை வாசலில் வைத்துவிட்டு, "வேற என்ன ஆயா வேணும்?" என்று கேட்டேன். "அரிசி கீதும்மா. குளிப்பாட்ட ஒரு கொழந்த தான் இல்ல" என்றார். அங்கே குழந்தைகளுக்கா பஞ்சம்? நம்பிக் கையில் கொடுக்கிற அளவுக்கு அவரை அறிந்த தாய்தான் அந்த மாடியில் ஒருத்தியும் இல்லை.

ஒருவர் வாங்குகிறவராக மட்டும் மாறிவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை அந்த வாசலில்தான் உணர்ந்தேன். ஏழைகளுக்கு இல்லாததை மட்டுமே நம் பட்டியல்கள் கேட்கின்றன. அவர்களிடம் இருந்ததையும், அதைக் கொடுக்க அவர்களுக்கு இருந்த மனிதர்களையும் கேட்பதில்லை. இழந்தவர்கள் போனவர்கள் மட்டுமா? எங்கள் மேட்டுத் தெருவில் இப்போது பூக்காரம்மா இல்லை, ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் ஆட்டோ எடுத்து வந்த தம்பி இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வாழும் பெரியவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. அவர்களை விசாரித்துப் போன கால்கள் கரையோரத்துக் கால்கள். கணக்குப் பார்த்தால் நாங்கள்தான் கடன்பட்டவர்கள்.

ஆற்றங்கரை வாழ்வை நான் சொர்க்கமாக்கிப் பேசவில்லை. சாக்கடை கலந்த தண்ணீர், பாம்பு, ஒவ்வொரு மழைக்கும் பயம். தனிக் கழிப்பறையும் தாழ்ப்பாள் உள்ள கதவும் கிடைத்ததைப் பெண்கள் சந்தோஷமாகவே சொல்கிறார்கள். அவர்களே இன்னொன்றும் சொல்கிறார்கள்: சி.ஐ.டி. நகர், நந்தனம் வீடுகளில் காலை ஆறரைக்கு வாசல் தெளிக்க நிற்க வேண்டும் என்றால் எத்தனை மணிக்கு எழுந்து பஸ் ஏறுவது? 2021 மே முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. காசு மிச்சம்தான். நேரத்தை யார் கொடுப்பது? பாதிப் பேர் அந்த வேலைகளை விட்டுவிட்டார்கள்.

வேறு வழியே இல்லை என்றால் மனசு ஆறும். 1970-ல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில், குடிசை இருந்த இடத்திலேயே மூன்று, நான்கு மாடி கட்டி அதே ஜனங்களைக் குடிவைத்தார்கள். அந்த வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் இன்றைக்கும் நகரத்துக்குள் இருக்கிறார்கள். 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஓரத்தில் பெரும் குடியிருப்புகள் எழுந்தன. நகரத்துக்குள் நிலம் விலையேறிவிட்டது என்கிறார்கள். இருக்கட்டும். ஒரு தெருவை ஒரே பிளாக்கில் குடிவைக்க நிலவிலை குறுக்கே நிற்காதே! குலுக்கலை வீடுவீடாக நடத்தாமல் தெருத்தெருவாக நடத்தினால் போதும்.

கரையில் மிச்சமிருக்கும் வீடுகளையும் ஒருநாள் காலி செய்யச் சொல்லலாம். அதனால் யார் வீட்டுக்கு அடுத்து யார் வீடு, யார் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று இப்போதே வீடுவீடாக எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒதுக்கீடு வரும்போது மனுவோடு சேர்த்துக் கொடுப்பதற்காக. தன்னார்வலர்கள் அரிசிப் பைக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது என்று நான் நினைக்கிறேன்.

ஆயாவைக் கூட்டிக்கொண்டு போய் மூன்றாவது மாடியில் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணிடம் விட்டோம். முதல் வாரம் பக்கத்திலேயே நின்று பார்த்த அந்தப் பெண், இப்போது குழந்தையைக் கொடுத்துவிட்டுத் துணி துவைக்கப் போகிறாள். ஆனாலும் ஆயாவுக்கு மனசு ஆறவில்லை. பழைய பக்கத்து வீட்டுக்காரி இருக்கும் பிளாக்கில் வீடு மாற்றித் தருவார்களா என்று கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷத்தில் அவராக எங்களிடம் கேட்ட உதவி அது ஒன்றுதான். அதற்காகத்தான் அலைந்துகொண்டிருக்கிறோம்.