திறமை எனும் அமானிதம்

நமக்கு வாய்த்த திறமை நம்முடையதா? அன்று, இறைவன் ஒப்படைத்த அமானிதம் என்போம். அவ்வாறாயின், அதனைப் பூட்டி வைத்தல் பேணுதலாகுமா?

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதிலேயே இந்திய மகளிர் கூடைப்பந்து அணியின் தலைவியானார். ஆசியக் கோப்பைப் போட்டிகள் ஒன்பதில் ஆடினார். தாயான பின் ஆட்டம் முடிந்தது என்பதே உலக வழக்கு. அவரோ மீண்டும் களம் புகுந்தார். ஓய்வு பெற்ற பின், 2021-இல் பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது.

ஓய்வு எல்லா ஆட்டக்காரருக்கும் உண்டு. கால் தளரும்; கை குறி தவறும். பூட்டி வைத்த பொன் பொன்னாகவே இருக்கும். திறமையோ பொன்னன்று, ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நாம் நாளும் காணும் பச்சைத் தோல் போன்றது. காலத்தில் உப்பிட்டுப் பதனிடாவிடில் அழுகிவிடும்; பதனிட்டால் நெடுங்காலம் உழைக்கும்.

மகனின் ஓட்டத்தைக் கண்டு மகிழ்கிறோம். மகள் ஓடினால், "போதும், உள்ளே வாம்மா" என்கிறோம். கண்ணியம் காப்பது நம் கடமையே, ஐயமில்லை. ஆயினும் தக்க இடமும் தக்க உடையும் தேடித் தருவதும் அக்கடமையில் அடங்கும் அல்லவா? தலையை மறைத்து ஆடுவதற்கு உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பே 2017-இல் இசைந்துவிட்டது. வழி தேடாமலே தடுப்பது காவலன்று, சோம்பல்.

மறுமையில் கேள்வி எழும்போது, "பத்திரமாக வைத்திருந்தோம்" என்று அழுகிய தோலையா நீட்டப் போகிறோம்? சிந்திப்போமாக.