வஸ்வாஸுக்குத் தீனி போடாதீர்!

திருநீர்மலையில் நமக்குப் பழக்கமான ஓர் இளைஞர். ஒளுச் செய்ய உட்கார்ந்தால் அரை மணி நேரம் எழமாட்டார். லாரித் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் வீட்டில் இதனால் தினமும் சச்சரவு. தக்பீர் கட்டுவார், அவிழ்ப்பார்; இமாம் ருகூவுக்குப் போய்விடுவார். "ஹஜ்ரத், என் ஒளு கூடுமா?" என்பார். "கூடும்" என்போம். மறுநாளும் அதே கேள்வி. கடைசியில் ஜமாஅத்துக்கு வருவதையே விட்டுவிட்டார்.

பேணுதல் வேறு, வஸ்வாஸ் வேறு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு, அதாவது இரு கைகளால் ஒருமுறை அள்ளும் அளவு தண்ணீரில் ஒளுச் செய்தார்கள். மூன்று தடவைக்கு மேல் கழுவுவது வரம்பு மீறல் என்று எச்சரித்தார்கள். வாய்விட்டுச் சொல்லவும் அஞ்சும் எண்ணங்கள் வருவதாக ஸஹாபாக்கள் முறையிட்டபோது, அந்த அச்சமே ஈமானின் அடையாளம் என்று ஆறுதல் கூறினார்கள். உறுதியானதைச் சந்தேகம் நீக்காது என்பது பிக்ஹின் அடிப்படை விதி.

இது நோயாகவும் முற்றும். ஹிஜ்ரி 322-ல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்) அன்றே இதனை மனநோய்களில் ஒன்றாக எழுதிவைத்தார். இளைஞரைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மருந்தோடு, மறுபடி கழுவாமல் பதற்றத்தைப் பொறுத்திருக்கவும் படிப்படியாகப் பழக்கினார்கள். நம் தவறும் அங்கேதான் புரிந்தது. தினமும் நாம் சொன்ன "கூடும்" என்ற பதிலே சந்தேகத்திற்குத் தீனியாயிற்று! இப்போது, "முன்பே சொல்லியாயிற்று தம்பி, ஸஃப்பில் நில்லுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இத்தகையோரை ஏளனம் செய்யாதீர்கள். மருத்துவரிடம் அனுப்பத் தயங்காதீர்கள். அல்லாஹ் ஷிஃபா அளிப்பானாக! ஆமீன்.