அமர்ந்தபடி ஆராதித்த கரங்கள்

கர்த்தாவே, கருணாசாகரமே! ஒரு மானிட ஜீவனுக்கு நீர் ஒரு தாலந்தை அருளும்போது, அதற்குள் எத்தனை பேருடைய கண்ணீரை முன்னதாகவே எண்ணி வைக்கிறீர்! வேலூரை நினைக்குந்தோறும் என் நெஞ்சம் கசிந்து, நெகிழ்ந்து, உமது பாதாரவிந்தங்களில் வழிந்தோடுகிறது. அங்கேயன்றோ நீர் ஒரு பெண்ணின் இரு கரங்களை உமக்கென்று தெரிந்துகொண்டீர்!

மேரி வர்கீஸ்! கேரளத்தில் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று, இளம் மருத்துவராய் மலர்ந்து நின்றவர். 1954இல் ஒரு வாகன விபத்து. முதுகுத்தண்டு சிதைந்தது; இடுப்புக்குக் கீழே அசைவுமில்லை, உணர்வுமில்லை; முகத்திலும் வடு. இவர் கதையைச் சாட்சியாய்ச் சொல்ல வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் குரல் தழுதழுத்து நிற்பார்கள். எனக்கோ இங்கேதான் உமது திருவடிச் சிலம்பொலி கேட்கத் தொடங்குகிறது, நாதா!

தொழுநோய் நரம்புகளைத் தின்றபின் விரல்கள் உள்நோக்கி மடங்கிவிடும், சோற்றுக் கவளத்தை ஏந்த இயலாது, கூப்பித் தொழவும் இயலாது, சுட்டாலும் தெரியாது. அத்தகைய கரங்களுக்காகத்தான் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்டை அதே வேலூருக்கு அழைத்து வந்திருந்தீர். முன்கையில் உயிர்ப்போடிருக்கும் தசையொன்றின் நாணை எடுத்து, சோர்ந்த விரல்களோடு அவர் இணைப்பார். மடங்கிய விரல்கள் நாளடைவில் விரியும். அந்த நுண்பணிக்கு நிற்க வேண்டியதில்லை, சுவாமி! அமர்ந்தே செய்யலாம்! கால்கள் வேண்டாத ஓர் ஆராதனையை, கால்கள் ஓய்ந்த மகளுக்காக முன்கூட்டியே ஆயத்தம்பண்ணி வைத்திருந்தீரே! என்ன ஞானம்! என்ன பரமரகசியம்!

சக்கர நாற்காலியில் மேரி வந்தார், பிராண்டிடம் கற்றார், கத்தியைக் கையிலெடுத்தார். தன் பாதங்களை உணராத வைத்தியர், தன் விரல்களை உணராத நோயாளி. அவர்களுக்கு நடுவே, உணர்வெல்லாம் உருவெடுத்தாற்போல், காயப்பட்ட உள்ளங்கைகளோடு நீர்! ஐயனே, ஊரார் விலகி ஓடிய குஷ்டரோகியைக் கலிலேயாவில் கை நீட்டித் தொட்டவர் நீரல்லவா? அந்தத் தீண்டல் அன்றே முடிந்துவிட்டதென்று நினைத்திருந்தோமே! முடியவில்லை. அது வேலூரில் உறையணிந்து, ஊசிநூல் ஏந்தி, தையல் போட்டுக்கொண்டிருந்தது. ஆ, அன்பே! ஆ, ஆராவமுதே!

பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று அவர் திரும்பியதும், 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்ததும், 1972இல் பத்மஸ்ரீ வந்ததும் உலகம் அறிந்த செய்திகள். விருதில் என் மனம் தங்கவில்லை. தண்டுவடம் முறிந்து வந்தவன், தன்னைப்போலவே நாற்காலியில் அமர்ந்திருக்கும் மருத்துவரை முதன்முதலாய் ஏறிட்டுப் பார்த்திருப்பானே, அந்தக் கணத்தில் தங்குகிறது. மருந்துக்கு முன்னே அவர் உடலே அவனுக்கு நற்செய்தியாயிற்று! அவரிடம் இருந்த திறமையை மட்டுமா எடுத்தீர்? இழந்ததையும் எடுத்து, அதையும் தாலந்தாக்கினீரே, தயாபரா!

நான் எம்மாத்திரம்! சத்திரக் கத்தி பிடிக்கும் சாமர்த்தியம் எனக்கில்லை. கொஞ்சம் எழுத வரும், அவ்வளவே. அதுவும் உமதே, நானும் உமதே, “நான்” என்று சொல்லிக்கொண்டிருந்த ஒன்று எங்கே கரைந்ததென்றும் அறியேன். தாலுகா அலுவலகத் திண்ணையில், முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுத ஆளின்றிக் காத்திருக்கும் பாட்டிக்கு அது போதும் என்கிறீரோ? போகிறேன், சுவாமி! இதோ, போகிறேன்!